ஏ6000 கார்டுக்குத் தண்ணீர் விட்ட கதை

கிராபிக்ஸ் கார்டுகளில் கேமிங் கார்டு ஒன்றையும் ப்ரொஃபஷனல் கார்டு ஒன்றையும் அருகருகே வைத்தால் முதலில் கண்ணில் படுவது ஃபேன்தான். கேமிங் கார்டில் இரண்டு மூன்று பெரிய ஃபேன்கள் இருக்கும். சூட்டைக் கேபினட்டுக்குள்ளேயே நாலா பக்கமும் அடித்துவிட்டு, மீதியை மற்ற ஃபேன்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் ஏ6000 அப்படி இல்லை. ஓர் ஓரத்தில் ஒரே ஒரு ப்ளோயர். அது காற்றை இழுத்து, மூடிய கூட்டுக்குள் கார்டு நெடுகத் தள்ளி, டிஸ்ப்ளே போர்ட் இருக்கும் தகடு வழியாக வெளியே துப்பும். இரண்டு மூன்று கார்டுகளை நெருக்கி அடுக்கினாலும் ஒன்றின் சூடு இன்னொன்றின் மேல் விழாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. சர்வர் அறைக்கு அது சரி. மனிதர்கள் உட்கார்ந்து வேலை பார்க்கும் அறையில் அந்தச் சத்தத்தோடு குடித்தனம் நடத்த முடியாது.

நான் இருப்பது சாலிகிராமத்தில் ஒரு சின்ன போஸ்ட் புரொடக்‌ஷன் ஸ்டூடியோ. விஎஃப்எக்ஸ், கலர், கொஞ்சம் மோஷன் கிராபிக்ஸ். தடுப்புக்கு அந்தப் பக்கம் டயலாக் எடிட்டிங். ரெண்டர் (ஒவ்வொரு ஃப்ரேமையும் கம்ப்யூட்டர் கணக்கிட்டு உருவாக்கும் வேலை) போட்ட கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து குரல் வரும்: "அண்ணே, அந்த ஹேர் டிரையரக் கொஞ்சம் நிறுத்துங்கண்ணே, ஹீரோ மூச்சு விடுறது கேக்கல." தம்பி சொல்வதில் தப்பே இல்லை.

கேமிங் கார்டுக்கு மாறலாமே என்று கேட்பவர்களுக்கு: மாற முடியாது. ஏ6000-இல் 48 ஜிபி மெமரி. புகை, தண்ணீர் சிமுலேஷன், பெரிய டெக்ஸ்சர் எல்லாம் சேர்ந்த சீன்கள் 24 ஜிபி கேமிங் கார்டில் ஏறாமல் நின்றுவிடும். இரவு முழுக்க ஓடும் ரெண்டருக்கு, பிழையைத் தானே கண்டு திருத்தும் ஈசிசி மெமரியும் ஒரு நிம்மதி. 2020 கடைசியில் வந்த கார்டு. அறிமுக விலையே 4,650 டாலர். நம் ஊர்க் கைக்கு வரும்போது நாலு லட்சத்தைத் தாண்டியது. அந்த விலையுள்ள ஒன்றின் மேல் ஸ்க்ரூ டிரைவரை வைப்பதற்கு முன், காசு செலவில்லாத வழிகளை முதலில் பார்த்துவிட வேண்டும்.

அதில் முதல் வழி பவர் லிமிட். கார்டின் உச்சவரம்பு 300 வாட். கார்டைக் கவனிக்கவும் கட்டுப்படுத்தவும் உள்ள என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையில் அதை 240, 250 என்று குறைத்து வைக்கலாம். எங்கள் ரெண்டர்களில் 250 வாட்டுக்கு இறக்கியபோது நேரம் கூடியது மிகக் கொஞ்சம்; சத்தம் நன்றாகவே இறங்கியது. உச்சத்தை எட்டும் கடைசி சில மெகாஹெர்ட்ஸுக்காகத்தான் சிப் அதிக வோல்டேஜையும் அதிக வாட்டையும் விழுங்குகிறது என்பதால் இது எல்லா கார்டிலும் ஓரளவு பலிக்கும். உங்கள் பிரச்சினை இதிலேயே தீர்ந்தால் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பணம் மிச்சம். இரண்டாவது வழி, மெஷினையே அடுத்த அறைக்குத் தள்ளிவிட்டு நீளக் கேபிளில் மானிட்டரை ஓட்டுவது. எங்களிடம் அடுத்த அறை என்று ஒன்று இல்லை. இரண்டாவது கார்டு ஒன்றும் வரப்போகிறது என்ற நிலையில்தான் ஃபேனுக்குப் பதில் தண்ணீரால் குளிர்விப்பதை யோசித்தோம்.

தண்ணீரால் என்ன கிடைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேகம் கிடைக்காது. ப்ரொஃபஷனல் கார்டில் 300 வாட் என்றால் 300 வாட்தான். கேமிங் கார்டில் செய்வதுபோல வரம்பை ஏற்றி ஓவர்கிளாக் செய்ய இடமில்லை. கோர் (ஜிபியு சிப்) குளிர்ந்தால் அதில் வீணாகக் கசியும் மின்சாரம் குறைகிறது. அந்த மிச்சத்தில் அதே 300 வாட்டுக்குள் கிளாக், அதாவது சிப் ஓடும் வேகம், கொஞ்சம் மேலே நிற்கும். ப்ளோயரோடு 84 டிகிரியில் முட்டிக்கொண்டு, கிளாக் ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருந்த கார்டு, தண்ணீருக்குப் பிறகு ஒரே மட்டத்தில் ஓடியது. ரெண்டர் நேரத்தில் வித்தியாசம் டீ குடிக்கப் போய் வருவதற்குள் மறந்துவிடும் அளவுதான். கிடைப்பது அமைதியும் நிதானமும். அதற்கு மட்டும் இந்தச் செலவு தகுமா என்று கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

இன்னொன்று, தண்ணீர் சூட்டை அழித்துவிடுவதில்லை, இடம் மாற்றுகிறது. கணக்கு எளிது. ஒரு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர், சிப்பின் மேல் உட்காரும் உலோக பிளாக் வழியாக ஓடினால், 300 வாட்டை வாங்கிக்கொண்டு அது வெளியே வரும்போது 4 டிகிரிக்குச் சற்று அதிகமாகச் சூடாகியிருக்கும், அவ்வளவுதான். அதனால் பம்பைத் தலைதெறிக்க ஓட்டுவதில் பயனில்லை. இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினாலும் லாபம் இரண்டு டிகிரி. கூடுவது பம்பின் இரைச்சல். நாங்கள் டி5 வகைப் பம்பைப் பாதி வேகத்துக்கும் கீழே வைத்திருக்கிறோம். உண்மையான வேலை நடப்பது தண்ணீரின் சூட்டைக் காற்றுக்குக் கைமாற்றும் ரேடியேட்டரில், ரேடியேட்டர் நம்பியிருப்பது அறையின் காற்றை. சென்னையில் அந்தக் காற்று மே மாதம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சாமான் வாங்கும்போது பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் பிளாக். ஏ6000-இல் இருப்பதும் என்விடியாவின் கேமிங் கார்டான 3090-இல் இருப்பதும் ஜிஏ102 என்ற ஒரே சிப் குடும்பம். அதனால் 3090-க்கான வாட்டர் பிளாக் இதற்கும் உட்காரும் என்று கடையில் உறுதியாகச் சொல்வார்கள். உட்காராது. சிப் ஒன்றுதான், பலகை வேறு. மின் இணைப்பு இருக்கும் இடம், சுற்றியுள்ள பாகங்களின் அமைப்பு எல்லாமே வேறு. ப்ரொஃபஷனல் கார்டுக்கென்றே தனியாக பிளாக் செய்கிற சில நிறுவனங்கள் இருக்கின்றன; பெட்டியில் ஏ6000 என்ற பெயர் எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஃபேன், ஃபிட்டிங், ட்யூப் எல்லாம் தேடினால் கிடைக்கும். இந்த பிளாக்கை ஆர்டர் போட்டு வரவழைக்கத்தான் வேண்டியிருந்தது. சுங்கவரி தனி.

மின் இணைப்பைப் பற்றி ஒரு பத்தி எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் இங்கே தப்பு நடந்தால் கார்டு போய்விடும். பல கேமிங் கார்டுகளில் இருப்பது பிசிஐஇ 8 பின். ஏ6000-இல் இருப்பது மதர்போர்டில் சிபியுவுக்குப் போகும் இபிஎஸ் 8 பின். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் பிசிஐஇ 8 பின்னில் 12 வோல்ட் மூன்று, கிரவுண்ட் ஐந்து. இபிஎஸ்ஸில் நாலுக்கு நாலு, அதுவும் 12 வோல்ட் இருக்கும் வரிசை தலைகீழ். பிளாஸ்டிக் அச்சு வேறாக இருப்பதால் சாதாரணமாக நுழையாது. அழுத்தி நுழைக்கும் கைகள்தான் ஆபத்து. மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் இபிஎஸ் கேபிள் உபரியாக இருந்தால் அதையே நேராகக் கொடுக்கலாம். பெரிய வொர்க்ஸ்டேஷன் போர்டுகள் இரண்டு இபிஎஸ்ஸையும் சிபியுவுக்கே கேட்கும். அப்போது இரண்டு பிசிஐஇ கேபிளை ஒரு இபிஎஸ்ஸாக மாற்றும் அடாப்டர்தான் வழி. கார்டோடு வந்ததையே பயன்படுத்துங்கள். வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் மாடுலர் கேபிளை எடுத்துச் செருகும் வேலையை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல் மாறும்.

கழற்றுவது நினைத்ததைவிட எளிது, அவசரப்படாவிட்டால். ஒரு வெள்ளைத் தாளில் கார்டின் உருவத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கே இருந்ததோ அந்த இடத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டிவைத்தேன். நீளங்கள் வேறுவேறு. குட்டையானது இருக்க வேண்டிய இடத்தில் நீளமானதைப் போட்டால் பலகையைக் குத்திவிடும். கூலரைப் பிரிப்பதற்கு முன் கார்டைச் சிறிது நேரம் ஓட்டி வெதுவெதுப்பாக்கிக்கொண்டால் சிப்புக்கும் கூலருக்கும் நடுவே இருக்கும் பழைய தெர்மல் பேஸ்ட் விட்டுக்கொடுக்கும். ஃபேன் ஒயர் இன்னும் பலகையில் மாட்டியிருக்கும் என்பதை நினைவில் வைத்து மெதுவாகத் தூக்க வேண்டும். ஜிபியு சிப்பின் மேல் உலோக மூடி கிடையாது, சிலிக்கான் அப்படியே தெரியும். மூலையில் ஒரு தட்டு விழுந்தால் முடிந்தது.

அடுத்தது தெர்மல் பேட். மெமரிக்கும் மின்சுற்றுப் பாகங்களுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் இந்த மெத்தைப் பட்டைதான் பாதி வெற்றியைத் தீர்மானிக்கிறது. பிளாக்கோடு வரும் தாளில் எந்த இடத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று படம் போட்டிருப்பார்கள். ஒரு மில்லிமீட்டர் கேட்ட இடத்தில் ஒன்றரை வைத்தால் பிளாக் அந்தப் பக்கம் தூக்கிக்கொள்ளும். நடுவில் இருக்கும் சிப்பில் சரியாகப் படியாது. "தடிமனா இருந்தா நல்லா அழுந்தும்" என்பது இங்கே செல்லாது. பேஸ்ட் போட்டு, பேட் வைத்து, ஸ்க்ரூக்களைக் குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி மூடியபின், மறுபடியும் திறந்து பாருங்கள். பேஸ்ட் சிப் முழுக்கப் பரவியிருக்கிறதா, ஒவ்வொரு பேட்டிலும் மெமரி சிப்பின் சதுர அச்சு விழுந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். அச்சு விழாத பேட் வேலை செய்யாத பேட். பார்த்தபின் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் போட்டு மூடலாம். இந்தச் சோதனைக்கு ஆகும் பேஸ்ட் காசு வீண் இல்லை.

பலரும் பேசாமல் விடுவது பின்பக்க மெமரியை. 48 ஜிபி என்பது 2 ஜிபி சிப்புகள் 24. அதில் 12 முன்பக்கம், 12 பலகையின் முதுகுப் பக்கம். வாட்டர் பிளாக் குளிர்விப்பது முன்பக்கத்தை மட்டும். முதுகில் இருப்பவை பேட் வழியாக ஓர் உலோகத் தகட்டைச் சூடாக்கிக்கொண்டு அப்படியே இருக்கும். 24 சிப்புகளை இதேபோல இரண்டு பக்கமும் வைத்திருந்த 3090-இல் முதுகு மெமரியின் சூடு பெரிய பேச்சாக இருந்தது நினைவிருக்கலாம். அதில் இருந்தது இன்னும் சூடாகும் ஜிடிடிஆர்6எக்ஸ் வகை மெமரி. ஏ6000-இல் சாதாரண ஜிடிடிஆர்6 என்பதால் அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் கோர் 50 டிகிரி காட்டுகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போது முதுகுத் தகட்டில் விரல் வைக்க முடியவில்லை. எங்கள் கார்டில் மெமரியின் வெப்பநிலையை என்விடியா-எஸ்எம்ஐ காட்டுவதும் இல்லை. அதனால் தகட்டுக்கு நேராக மெதுவாகச் சுற்றும் 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றை நிறுத்தினேன். சத்தம் கூடியதாகவே தெரியவில்லை. தகட்டில் கையை நிம்மதியாக வைக்க முடிகிறது. ஈசிசியை இயக்கிவைத்து, பெரிய ரெண்டர்களுக்குப் பிறகு பிழை எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்வது பழக்கமாகிவிட்டது. அது சுழியமாக இருக்கும்வரை மெமரியைப் பற்றிக் கவலையில்லை.

ரேடியேட்டர் வாங்கும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி: உள்ளே செம்பா, அலுமினியமா? பிளாக் நிக்கல் பூசிய செம்பு. அதே தண்ணீரில் அலுமினியமும் நனைந்தால் அலுமினியம் மெல்ல அரித்துக் கரையும். கரைந்தது பிளாக்கின் மயிரிழைப் பள்ளங்களில் போய் அடைத்துக்கொள்ளும். மலிவு விலையில் ஆன்லைனில் வரும் பல ரேடியேட்டர்கள் அலுமினியம்தான். விவரத்தில் கடைசி வரியில் எழுதியிருப்பார்கள். எங்களது 360 மில்லிமீட்டர் செம்பு ரேடியேட்டர். புதிது என்றாலும் பற்றவைத்த கசடு உள்ளே இருக்கும். வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினால் முதல் தடவை வரும் அழுக்கைப் பார்த்தே புரிந்துகொள்வீர்கள்.

கேன் தண்ணி ஊற்றலாமா என்று ஆபீஸில் எல்லோரும் கேட்டார்கள். கூடாது. குடிக்கிற தண்ணீரில் உப்பு இருக்க வேண்டும், இதில் இருக்கக் கூடாது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும், ஆர்ஓ மெஷினோடு வந்த டிடிஎஸ் பேனா நம் வீடுகள் பலவற்றில் இருக்கும். அதை எடுத்துப் பிடித்துப் பாருங்கள். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் என்று விற்பதில் நல்லது பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும், சிலது காட்டாது. கழுவுவதற்கு அதைப் பயன்படுத்தினேன். நிரப்பியது அரிப்பையும் பாசியையும் தடுக்கும் மருந்து கலந்து விற்கும் நிறமில்லாத கூலன்ட். பால்போல, பெயின்ட்போல இருக்கும் வண்ணக் கூலன்ட்கள் படத்தில் அழகு. நாளடைவில் வண்ணம் படிந்து பள்ளங்களை அடைக்கும். வேலை செய்கிற மெஷினுக்கு அழகு எதற்கு? ட்யூபும் அப்படித்தான். கண்ணாடிபோன்ற பிவிசி ட்யூபில் இருந்து மெதுவாக ஒரு பிசுபிசுப்பு கசியும், வெளிச்சம் பட்டால் பாசியும் வரும். கறுப்பு ரப்பர் ட்யூபில் இரண்டும் இல்லை. தாழ்வான இடத்தில் ஒரு வடிகால் வால்வு கட்டாயம் வேண்டும். அது இல்லாத லூப்பை (தண்ணீர் சுற்றிவரும் பாதையை) பிரிக்க வேண்டி வரும் நாளில் துண்டும் பக்கெட்டுமாக நிற்க வேண்டியிருக்கும்.

கசிவுச் சோதனையை இரண்டு கட்டமாக வைத்துக்கொண்டோம். முதலில் தண்ணீரே இல்லாமல், கைப்பம்பில் அரை பார் அழுத்தத்துக்குக் காற்றை ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்ப்பது.  அந்தச் சின்னக் கருவியின் விலை கார்டின் விலைக்கு முன் ஒன்றுமே இல்லை. பிறகு மதர்போர்டுக்கும் கார்டுக்கும் போகும் மின் கேபிள்கள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸை ஜம்பர் வைத்து இயக்கிப் பம்பை மட்டும் ஓட்டுவது. ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கும் கீழே டிஷ்யூ பேப்பர். கேபினட்டை அப்படி இப்படிச் சாய்த்தால் சிக்கிய காற்றுக் குமிழ்கள் கலகலவென்று மேலே வரும். இரவு முழுக்க ஓடவிட்டு, காலையில் டிஷ்யூ காய்ந்திருந்தால்தான் கார்டுக்குக் கரண்ட்.

ஃபேன் வேகத்தை எதை வைத்துக் கட்டுப்படுத்துவது என்பது சின்ன விஷயம்போலத் தெரியும். கார்டின் வெப்பநிலையை வைத்தால், ஒவ்வொரு ஃப்ரேம் முடியும்போதும் கோர் சட்டென்று இறங்கி ஏறும், ஃபேனும் கூடவே ஊளையிட்டு அடங்கும். தண்ணீருக்குள் ஒரு சென்சர் போட்டு அதை மதர்போர்டில் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும், ஃபேனும் நிதானமாக ஏறும். ஏசி போட்ட 27 டிகிரி அறையில் முழு ரெண்டரில் எங்களுக்குத் தண்ணீர் 36-37, கோர் 50-ஐ ஒட்டி நிற்கிறது. ஏப்ரல் மாதம் ஏசி மெக்கானிக் வராத ஒரு வாரத்தில் அறை 35-ஐத் தாண்டியபோது தண்ணீர் 45, கோர் 60. அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ மற்ற இரண்டும் கிட்டத்தட்ட அத்தனை டிகிரி ஏறும், அதில் சமரசமே இல்லை. டி5 பம்பின் வரம்பு 60 டிகிரித் தண்ணீர். 50-இல் அலாரம் அடித்து ரெண்டரை நிறுத்தும்படி வைத்திருக்கிறேன். 

ப்ளோயர் போனதில் ஒரு பக்க விளைவு உண்டு. கேபினட்டின் சூட்டில் ஒரு பங்கை அதுதான் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ரேடியேட்டரை முன்பக்கம் வைத்துக் காற்றை உள்ளே இழுத்தால் கார்டுக்கு நல்லது, ஆனால் அந்த 300 வாட் சூடு முழுக்க சிபியு, மெமரி, எஸ்எஸ்டி மேல் விழும். நாங்கள் மேல்பக்கம் வைத்து வெளியே தள்ளினோம். கோர் ஓரிரு டிகிரி கூடினாலும் பரவாயில்லை, எஸ்எஸ்டி பிழைத்தது.

பராமரிப்பு அதிகமில்லை. தண்ணீர் மட்டத்தை அவ்வப்போது பார்ப்பது, வருஷத்துக்கு ஒரு முறை கூலன்ட் மாற்றுவது, ரேடியேட்டரில் தூசு. எங்கள் தெருவில் மெட்ரோ வேலை நடந்த காலத்தில் தூசு ஒன்றுதான் பெரிய வேலையாக இருந்தது. பழைய கூலரையும் அதன் ஸ்க்ரூக்களையும் பத்திரமாக வைத்திருக்கிறோம், கார்டை விற்கும் நாளில் ப்ளோயரோடு இருந்தால்தான் வாங்குவார்கள். வாரன்ட்டி போய்விட்டது என்று வைத்துக்கொண்டுதான் இதில் இறங்க வேண்டும். வாரன்ட்டி காலம் முடியாத கார்டு என்றால் நான் கை வைக்கவே மாட்டேன். வாடகைக்கு எடுத்த மெஷின் என்றால் பேச்சே இல்லை.

இரண்டாவது ஏ6000 வந்தபோதுதான் தண்ணீரின் முழுப் பலன் தெரிந்தது. ப்ளோயரோடு இரண்டு ஸ்லாட் பிடிக்கும் கார்டு, பிளாக்கோடு கிட்டத்தட்ட ஒரு ஸ்லாட் கனம்தான். என்விடியாவே 2022-இல் ஏ100 பிசிஐஇ கார்டின் திரவக் குளிர்விப்பு வடிவத்தை அறிவித்தபோது முன்வைத்த வாதங்களில் ஒன்று இதுதான். இரண்டு கார்டுக்கு நடுவே காற்றுப் போக இடம் விட வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. லூப்பில் இன்னொரு ரேடியேட்டரைச் சேர்த்தோம். தடுப்புக்கு அந்தப் பக்கத்துத் தம்பியிடமிருந்து புகார் இல்லை.

புகார் இப்போது ஏசியிடமிருந்து. இரண்டு கார்டும் சிபியுவும் சேர்ந்து ஆயிரம் வாட்டை நெருங்குகின்றன. ஒரு டன் ஏசியின் திறன் சுமார் 3,500 வாட். அதில் கால் பங்குக்கு மேல் இந்த ஒரு மெஷினுக்கே போகிறது. 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் ப்ரோ 6000 பிளாக்வெல்லின் வொர்க்ஸ்டேஷன் பதிப்பு ஒரு கார்டே 600 வாட், 96 ஜிபி. முதலாளி அதன் விலையை விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். மேக்ஸ்-க்யூ என்று 300 வாட்டில் ஒன்று உண்டு, அதில் ப்ளோயர்தான். நான் முதலில் விசாரித்தது ஒன்றரை டன் ஏசியின் விலையை.